பதினோரு தொட்டிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது?

ஆபீஸில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஒரு கையில் புளிசாதம், இன்னொரு கையில் போன். காத்திவாக்கத்திலிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்திருந்தது. மொட்டை மாடி. சுவரோரம் வரிசையாகப் பதினோரு பிளாஸ்டிக் தொட்டி. பதினொன்றிலும் வெடித்த மண், அதில் குச்சி குச்சியாகக் காய்ந்த செடி.

எல்லாம் நாங்கள் கொடுத்த தொட்டிகள். கர்ப்பிணிப் பெண்கள் வீட்டிலேயே கீரை வளர்த்துச் சாப்பிட்டால் ரத்தம் ஊறும் என்று ஒரு திட்டம். விவசாயம் படித்துவிட்டு நான் அதில் வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. "இன்னொண்ணு போச்சு" என்றார் எங்கள் மேலதிகாரி. நான் படத்தை விரலால் பெரிதாக்கினேன். தொட்டிகளுக்குப் பின்னால், படிக்கட்டு நிழலில், லுங்கி கட்டிய ஒருவர் மடியில் வலையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இவர் யாருங்க சார்?"

"அந்தப் பொண்ணோட வீட்டுக்காரரா இருக்கும்."

"செடி ஏன் காஞ்சுதுன்னு இவரைக் கேட்டோமா?"

"இவரை எதுக்குப்பா கேக்கணும்? இது பெண்களுக்கான திட்டம்."

புளிசாதத்தை அப்படியே வைத்தேன். ஓடிப்போய்ப் படிவத்தை எடுத்தேன். நாலு பக்கம். அந்தப் பெண்ணின் வயது, எடை, ரத்த அளவு, எத்தனை வேளை சாப்பிடுகிறாள், என்ன சாப்பிடுகிறாள், எல்லாம் இருந்தது. அந்த மனிதர் மட்டும் ஒரே ஒரு வரியில், கணவர் பெயர் என்ற இடத்தில், ஏழுமலை என்று இருந்தார். அவ்வளவுதான். ஒரு வீட்டுக்குள் போய்த் தோட்டம் போட்டிருக்கிறோம், வீட்டில் பாதிப் பேரிடம் பேசவே இல்லை. நான் போய் இவரிடம் பேசப் போகிறேன் என்று அங்கேயே, எச்சில் கையோடு, சொல்லிவிட்டேன்.

"போயிட்டு வா. ஒரு வாரம். ஒண்ணும் தேறலைன்னா மிச்ச விதையை வேற ஏரியாவுக்குக் குடுத்துடலாம்" என்றார். சொன்ன அடுத்த நிமிஷமே எனக்குப் பயம் வந்துவிட்டது; மிச்சப் புளிசாதத்தை முழுசாகச் சாப்பிட்டேன். பயம் வந்தால் எனக்குப் பசிக்கும். இந்தக் கட்டுரையில் நான் நிறையச் சாப்பிடுவேன், மன்னிக்கவும்.

இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில் ஏறினேன். கோபிச்செட்டிபாளையத்துக்காரனுக்கு ராயபுரம், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை என்று ஒவ்வொரு பெயரும் புது தேசம். ஒரு பக்கம் கன்டெய்னர்கள் தீப்பெட்டி அடுக்கினாற்போல நிற்கின்றன. இன்னொரு பக்கம் துணி காய்கிறது. எதிர் சீட்டுக்காரரிடம் "காத்திவாக்கம் வந்தா சொல்றீங்களாங்க?" என்றேன். "கவலயே படாத" என்று சொல்லிவிட்டு அவர் தூங்கிப் போனார். நான் அவரை நம்பி உட்கார்ந்திருந்தேன். எழுந்து பார்த்தால் அத்திப்பட்டு புதுநகர். எதிரே வானத்தை முட்டிக்கொண்டு அனல்மின் நிலையப் புகைபோக்கிகள்.

நடைமேடையில் காலி மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள், நான் நடந்ததைச் சொன்னதும், என்னை மேலும் கீழும் பார்த்தார். "தூங்கறவன நம்பிக்கினு வந்தியா? நல்லா வந்த போ. எதிர்ல வர்ற வண்டில ஏறு. தபாரு, இந்தத் தடவ நீயே முயிச்சிகினு வா."

அடுத்த வண்டி வர முக்கால் மணி நேரம். இரண்டு மசால்வடை.

படத்தில் இருந்த வீட்டைக் கண்டுபிடித்தபோது மதியம் ஆகிவிட்டது. அந்தப் பெண்ணின் பெயர் தனலட்சுமி. எல்லோருக்கும் தனம். ஆறு மாதம். பேச்சில் வெடுக்கென்று ஒரு வேகம். "ஆபீஸ்ல இருந்து வர்றியா தம்பி? திட்டத்தான வந்த? திட்டிட்டு சாப்டு" என்றார்.

மாடிக்குப் போய்ப் பார்த்தேன். ஆச்சரியம். படம் அனுப்பின பிறகு தனம் அக்கா மண்ணைக் கிளறி, மீதியிருந்த விதையைத் தானே போட்டிருக்கிறார். ஒன்பது தொட்டியில் அரைக்கீரையும் தண்டுக்கீரையும் இரண்டு விரல் உயரம் வந்திருந்தன. கடைசி இரண்டில், கைப்பிடிச் சுவர் மூலையில், முருங்கைக் கன்றுகள். இலைமேல் மெல்லிய சாம்பல் படிந்திருந்தது. அந்தப் பக்கத்தில் எல்லா மாடியிலும் எல்லாவற்றின் மேலும் அது படிந்திருக்கிறது. துணி உதறுகிற மாதிரி இலையையும் உதறிவிடுகிறார்கள்.

"தண்ணி?" என்றேன்.

"நான்தான். அரக் கொடம் அரக் கொடமா."

பதினேழு படி. எண்ணினேன். தண்ணீர் கீழே தெருமுனையில், லாரி வந்து நிரப்புகிற கறுப்புத் தொட்டியில். அங்கிருந்து வீடு எண்பது அடி. பக்கத்து வீட்டு விஜயா அக்கா, தெருவிலுள்ள மகளிர் குழுவின் தலைவி, என்னைத் தனியே இழுத்து விஷயத்தைச் சொன்னார். தனத்துக்கு முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் தங்கவில்லை. இப்போது ரத்தமும் குறைவு. நர்ஸம்மா இரண்டு கட்டளை போட்டிருக்கிறார்கள்: தினமும் கீரை சாப்பிடணும், வெயிட் தூக்கவே கூடாது.

கீரை மாடியில். தண்ணீர் கீழே. கீரை வேண்டுமென்றால் குடம் தூக்க வேண்டும். இப்படியொரு கணக்கை ரத்தம் குறைந்த பெண்ணின் தலையில் கட்டியது நாங்கள்.

சாப்பிட உட்கார வைத்தார்கள். எறாத் தொக்கு, சோறு, கடையில் வாங்கின முருங்கைக்கீரைப் பொரியல். எனக்கு ஒரு குவியல் கீரை, ஏழுமலை அண்ணனுக்கு ஒரு குவியல். அப்போதுதான் அவரை முதன்முதலாக நேரில் பார்க்கிறேன். முப்பது வயதிருக்கும், கயிறு இழுத்து இழுத்து அகன்ற தோள். படகு என்ஜின் மெக்கானிக்கிடம் இருப்பதால் அந்த வாரம் கடலுக்குப் போகவில்லை, வலைக் கொட்டகையில் வலை முடைந்துகொண்டிருந்தார். நாங்கள் எழுந்த பிறகு தனம் அக்கா உட்கார்ந்தார். கீரைச் சட்டி காலி. கரண்டியால் சுரண்டி ஒரு கவளம் வந்தது.

"அக்காவுக்குக் கீரை?" என்று அண்ணனிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அதுக்கு புடிக்காதுபா" என்றார் அவர், பல் குத்திக்கொண்டே.

செடிக்கு நீங்கள் தண்ணீர் ஊற்றலாமே என்று கேட்க எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. கேட்டதும் அவர் கோபப்படவில்லை. "அது லேடீஸ் ஸ்கீமு தம்பி. உங்காளுங்க மொத மீட்டிங் போட்டப்ப நான் போய்க் குந்தினேன். ஜென்ஸ்லாம் வெளிய போங்கன்னு சொல்ட்டாங்க. போன்னு சொன்னா போயிட வேண்டியதுதான?"

எங்கள் பயிற்சியாளர்தான் சொல்லியிருப்பார். ஆண்கள் இருந்தால் பெண்கள் பேச மாட்டார்கள் என்று எங்கள் கையேட்டில் இருக்கிறது. நானும் மற்ற ஊர்களில் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன், சிரித்த முகத்தோடு.

திருவொற்றியூரில் ஒரு லாட்ஜில் தங்கினேன். அன்று சாயங்காலம் அத்தோ சாப்பிட்டேன். பர்மாவிலிருந்து வந்த குடும்பங்கள் இந்தப் பக்கத்துக்குக் கொடுத்த சாப்பாடு: ஆரஞ்சு நிற நூடுல்ஸ், பச்சை முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். எங்கள் ஊரில் அரிசிம்பருப்புச் சோற்றுக்கே நாங்கள் கரண்டி போடுவோம். இரண்டு பிளேட் உள்ளே போனது. பயம் அவ்வளவு.

செவ்வாய்க்கிழமை காலை நானே களத்தில் இறங்கினேன். ஒரு வாரத்துக்கு நான் தண்ணீர் தூக்கினால் என்ன? பச்சைக் குடத்தை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று குடங்களும் அவற்றுக்குச் சொந்தமான பெண்களும். நடுவில் நான். நிரப்பி, எல்லோரும் செய்வதுபோல இடுப்பில் வைத்தேன். எனக்கு இடுப்பு என்ற ஒன்று இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. குடம் வழுக்கி, தண்ணீர் பூராவும் பேண்ட்டில் இறங்கி, செருப்பு சகதியில் மாட்டிக்கொண்டது.

தெருவே சிரித்தது. "கீரை சாரு தண்ணிக்கு வந்துகீறாருடீ!" "இன்னா சார், எத்தினி மாசம்?" "ஊர்ல பொண்ணு பாத்துகினு கீறாங்களா, மாப்ள பாத்துகினு கீறாங்களா?"

நானும் சிரிக்கத்தான் முயன்றேன். ஆனால் காது எரிந்தது. சிரிக்காத ஒரே ஆள் எதிரே நின்ற ஏழுமலை அண்ணன். அவர் என் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வலைக் கொட்டகையில் நான் பேண்ட்டைக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் வந்து கேட்டார்.

"உங்க ஊர்ல ஆம்பளைங்க தண்ணி தூக்குவாங்களா தம்பி?"

நான் உற்சாகமாகிவிட்டேன். எங்கள் ஊரில் பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சுவதே ஆண் வேலைதான் என்றேன். கரண்ட் வருகிற நேரம் பார்த்து அப்பா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போவார். வாழைக்கு மடை திறப்பார், மடை கட்டுவார். அம்மா களை எடுக்கலாம், நாற்று நடலாம். மடையைத் தொட்டால் மட்டும் "உனக்குத் தெரியாது, நகரு" என்பார் அப்பா.

அவர் வாயைப் பிளந்தார். "செடிக்குத் தண்ணி ஊத்தறது ஆம்பள வேலயா? கொடத்துலயா?"

"இல்லீங்க, வாய்க்கால்ல."

"அப்ப அது வேற" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு ஊசியை எடுத்தார்.

எனக்கு மண்டைக்குள் என்னவோ இடித்தது. வாய்க்காலில் ஓடினால் ஆண் தண்ணீர். குடத்தில் ஏறினால் பெண் தண்ணீர். அதே வாய்க்காலிலிருந்து அடுப்படிக்கு அம்மாதான் இருபது வருஷமாகக் குடம் சுமக்கிறாள். நான் அதைப் பார்த்ததே இல்லை. பார்த்திருக்கிறேன், கண்ணில் பட்டதில்லை.

கொட்டகை மூலையில் பெரிய வெள்ளைக் கேன்கள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றும் முப்பத்தைந்து லிட்டர். அதைத் தோளில் வைத்துக்கொண்டு மணலில் நடந்து போட்டுக்கு, அதாவது படகுக்கு, கொண்டுபோவார்கள். அதைப் பார்த்து யாரும் எத்தனை மாசம் என்று கேட்பதில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்வதில் எனக்கு இணையில்லை. "அண்ணா, கேன்ல தூக்கினா யாரும் சிரிக்க மாட்டாங்க இல்ல?" என்றேன். அவர் கேன்களைத் திரும்பிப் பார்த்தார். அம்மா போனில் கூப்பிட்டாள், "கண்ணு, சாப்பிட்டியா சாமி?" என்று. நான் பேசப் போய்விட்டேன். சொன்னதை அத்தோடு மறந்தும் போனேன்.

புதன்கிழமை சடையங்குப்பத்துக்குப் போக வேண்டியிருந்தது. ஷேர் ஆட்டோவில் ஆறு பேர் உட்காருகிற இடத்தில் பத்துப் பேர். கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக, முன்னாலும் பின்னாலும் ரயில் மாதிரி. ஒன்றரை மணி நேரம் நகரவில்லை. டிரைவர் இறங்கி டீ குடித்துவிட்டு வந்தார், எனக்கும் ஒன்று வாங்கி வந்தார். "இன்னிக்கி நல்லா போவுது சார்" என்றார். நல்லா போகாத நாள் எப்படி என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

சடையங்குப்பம் பள்ளத்தில் இருக்கிறது. மழை என்றால் வீட்டுக்குள் வெள்ளம். அங்கே ஒரு வீட்டில் எங்கள் தொட்டிகளைப் பழைய இரும்புக் கட்டில்மேல் ஏற்றி வைத்திருந்தார்கள், தண்ணீர் வந்தாலும் நனையாதபடிக்கு. ஏற்றியது யார் என்று கேட்டேன். "அவருதான்" என்றது அந்தப் பெண். "போன மழைல டிவிய ஏத்த எடம் போட்டாரு. அத்த டிவிக்கும் செடிக்கும் சேத்து யூஸ் பண்ணிகினோம்." திட்டம் கேட்காததை டிவி கேட்டு வாங்கியிருக்கிறது. நோட்டில் எழுதிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது தனம் அக்கா போன் செய்தார். குரலில் குதூகலம். "தம்பி, நான் மேல ஏறிப் பாத்தா மண்ணுலாம் ஈரமா கீது! நான் ஊத்தவேயில்ல. விஜயாக்காவக் கேட்டா இல்லன்றாங்க. நீயா?"

"நான் சடையங்குப்பத்துலங்க அக்கா."

"அப்ப யாரு?"

எனக்கு மட்டும் தெரிந்துவிட்டது மாதிரி ஒரு சந்தோஷம். வாயைத் திறக்கவில்லை. வியாழக்கிழமையும் மண் ஈரம். தனம் அக்கா இரண்டு நாளாக ஒரு குடம்கூட மேலே கொண்டுபோகவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு கூட்டம் போடுவோம், ஆண்களும் பெண்களும் சேர்ந்து, அதுவும் வலைக் கொட்டகையிலேயே என்று ஏற்பாடு செய்தேன். ஆபீசுக்குப் போன் போட்டு "தேறுது சார்!" என்றேன். வெற்றி வந்தாலும் எனக்குப் பசிக்கும் போலிருக்கிறது. அன்று நாஷ்டாவுக்கு நாலு இட்லி, வடகறி, மறுபடி நாலு இட்லி.

வெள்ளிக்கிழமை காலை விஜயா அக்கா சந்து முனையிலேயே நின்றிருந்தார். "மேல போய்ப் பாரு" என்றார்.

அரைக்கீரை மடிந்து படுத்திருந்தது. தண்டுக்கீரையின் இலைகள் மஞ்சளாகி, ஓரம் கருகி, உள்பக்கமாகச் சுருண்டிருந்தன. ஒன்பது தொட்டியும். மூலையிலிருந்த முருங்கைகள் மட்டும் நிமிர்ந்து நின்றன. தனம் அக்கா தொட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. ஒரு இலையை எடுத்துத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

தெரு கூடியது. சாம்பல்தான் காரணம் என்றார் ஒருவர். காத்துல ஏதோ கேஸ் வுட்டுட்டானுங்க என்றார் இன்னொருவர். யாரைக் கேட்டாலும் விரல் புகைபோக்கிப் பக்கமே நீண்டது. நீளாமல் என்ன செய்யும்? ஆனால் அடுத்த மாடியில் புதினா பச்சைப் பசேலென்று இருந்தது. அதைக் கவனித்த ஒருத்தி, குரலைத் தாழ்த்தாமலே, "அத்துக்கு கை ராசியே இல்லக்கா. வயித்துல தங்கினாதான செடில தங்கும்" என்றாள்.

தனம் அக்கா இலையைக் கீழே வைத்தார். படியிறங்கிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் செய்வதறியாமல் மண்ணைக் கிளறினேன், உரத்தைச் சந்தேகப்பட்டேன், என் படிப்பைச் சந்தேகப்பட்டேன். அன்று ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. பயத்துக்கும் அப்பால் ஒன்று இருக்கிறது, அதில் பசிப்பதில்லை.

சனிக்கிழமை காலை மறுபடி மாடிக்குப் போனேன். ஒரு தொட்டியைச் சாய்த்தேன். அடித்தட்டில் தேங்கியிருந்த தண்ணீரில் வெயில் பட்டு வானவில் மாதிரி நிறங்கள் மிதந்தன. விரலைத் தொட்டு முகர்ந்தேன். பெட்ரோல் பங்க் வாசனை.

என் வாயில் வந்த வாக்கியம் முழுசாக நினைவுக்கு வந்தது. கேன்ல தூக்கினா யாரும் சிரிக்க மாட்டாங்க இல்ல?

கொட்டகைக்கு ஓடினேன். ஏழுமலை அண்ணன் தனியாக இருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

"டீசல் கேனாண்ணா?"

"மூணு தபா சோப்பு போட்டுக் கயுவினேன் தம்பி." அவர் குரலே வேறாக இருந்தது. "வாசன போயிட்ச்சுன்னுதான் நெனச்சேன். எனுக்கு எங்க தெரியும், என் மூக்குல எப்பவும் அந்த வாசனதான் கீது."

தனம் தண்ணீர் வரிசையில் நிற்கிற நேரம் பார்த்து, ஐஸ் கடைக் குழாயில் கேனை நிரப்பி, பின்பக்கச் சந்து வழியாக மாடிக்கு ஏறியிருக்கிறார். ஒன்பது தொட்டிக்கு ஊற்றியதுமே கேன் தீர்ந்துவிட்டது. அதனால்தான் முருங்கை பிழைத்தது.

"அக்காகிட்ட சொல்லிடலாமுங்களா?"

"வாணாம்." என் கையைப் பிடித்தார். "தனத்துக்குத் தெரிய வாணாம். தெருவுக்கும் வாணாம். பொண்டாட்டிக்குத் தண்ணி தூக்கறான்னு ஒரு பேரு, தூக்கித் தூக்கி செடியக் கொன்னுட்டான்னு ஒரு பேரு. ரெண்டும் சேந்து வந்தா இந்தக் கொட்டாயில நான் குந்த முடியாது தம்பி. நீ சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்துவிட்டேன். செய்துவிட்டு லாட்ஜுக்கு வந்து யோசித்தேன். சொன்னால் அவர் மானம் போகும். சொல்லாவிட்டால் அந்தப் பேச்சு தனம் அக்காவின் மேலேயே நிற்கும், வயிற்றுப் பிள்ளையின் மேலும் நிற்கும். ஐடியா என்னுடையது. பழி மட்டும் ஆளுக்கொரு பக்கம் போய்க்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு யாரும் வர மாட்டார்கள் என்று நினைத்தேன். முப்பது பேர் வந்துவிட்டார்கள். செடி செத்த செய்தி அவ்வளவு தூரம் போயிருந்தது. ஆண்கள் ஒரு பக்கம் வலைக் குவியல்மேல், பெண்கள் ஒரு பக்கம் பாயில். தனம் அக்கா கடைசியில் சுவரோரம். நான் எழுந்து ஏதோ ஆரம்பித்தேன். விஜயா அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"தம்பி, நீ நல்ல புள்ள, ஒன்னிய ஒண்ணும் சொல்லல. ஆனா இன்னொரு தபா தனத்துக்கு விதை குடுக்காத. அது தலயெயுத்து அப்டி கீது. வேற யாருக்குனா குடு. அது வேற மனசு கஷ்டப்பட்டுகினு."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் அது இன்னும் ஆழமாகக் குத்தியது. தனம் அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். எனக்குச் சத்தியமாவது மண்ணாவது என்று ஆகிவிட்டது.

"இல்லீங்க, தப்பு என்னுது. நான்தான்..." என்று வாயெடுத்தேன்.

"நீ குந்து தம்பி."

ஏழுமலை அண்ணன் எழுந்து நின்றிருந்தார். எழுந்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் லுங்கியை அவிழ்த்து மறுபடி கட்டினார். "அது கை ராசிலாம் ஒண்ணும் இல்ல. நான்தான் ஊத்தினேன். ரெண்டு நாளு. டீசல் கேன்ல."

வலைக் குவியலிலிருந்து விசில் கிளம்பியது. "இன்னா மாமு, நீயா? செடிக்கா?" "டேய், செடி இன்னா ஃபைபர் போட்டா, டீசல் ஊத்தினா ஓட?" "மாமு, அடுத்த வாரம் கோலம் போட வந்துருவியா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டே, ஆனால் உட்காராமல், சிரிப்பு அடங்குகிறவரை நின்றார். "ஓட்டிக்கோங்கடா. தனத்த மட்டும் ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார்.

எல்லோரும் தனம் அக்காவைப் பார்த்தோம். அவர் எழுந்தார். ஒரு கை இடுப்பில்.

"டீசல் கேன்லயா?"

"கயுவினேன்மே."

"யோவ், அந்தக் கேன்ல ஒனக்குக் குடிக்கத் தண்ணி குடுத்தா குடிப்பியா? மூள கீதா ஒனக்கு?" குரல் உயர்ந்தது, உயர்ந்த இடத்தில் உடைந்தது. "ரெண்டு நாளா யாரோ ஒரு மவராசன் ஊத்தறான்னு நெனச்சிகினு நான் ஒருத்திக்கி ஒருத்தி கேட்டுகினு திரியறேன். பக்கத்துலயே படுத்துகினு கீற, சொல்றதுக்கு இன்னாய்யா?"

அழுகிறாரா சிரிக்கிறாரா தெரியவில்லை. பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்துவிட்டது. விஜயா அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். கை ராசி பேசியவள் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு கூட்டம் தானாக நடந்தது, நான் வெறுமனே உட்கார்ந்திருந்தேன். நர்ஸம்மா என்ன சொன்னார் என்று தனம் அக்கா முதன்முறையாக எல்லோர் முன்னாலும் சொன்னார். ஏழுமலை அண்ணனுக்கு அது புதுச் செய்தி.

"ரத்தம் கம்மின்னு சொன்ன. கீரதான் மருந்துன்னு சொல்லலியே. எனுக்கே அள்ளி அள்ளி வெச்ச. ஒனக்குப் புடிக்காதுன்னுல்ல நெனச்சேன்."

"புடிக்காதுன்னு நான் எப்பயா சொன்னேன்? கடல்ல இருந்து வர்ற ஆளு, நாலு வாய் நல்லா துன்னட்டும்னு வெச்சேன்."

ஒரு கடைசிக் கேள்வி மிச்சமிருந்தது, அதை எல்லோரும் சுற்றிச் சுற்றி வந்தார்கள். மறுபடி விதை போட்டால் யார் தூக்குவது? புதுக் கேன் வாங்கலாம் என்றார் ஒருவர். கயிறும் உருளையும் கட்டி இழுக்கலாம் என்றார் இன்னொருவர், அது எனக்கும் பிடித்திருந்தது. தனம் அக்காதான் முடித்து வைத்தார்.

"கேனும் வாணாம் ஒண்ணும் வாணாம். வூட்ல கொடம் கீது. கொடத்துல எடுக்கச் சொல்லு."

விசில் இன்னும் பலமாகக் கிளம்பியது. ஏழுமலை அண்ணன் குனிந்து ஊசியில் நூலைக் கோத்தார். கூட்டம் கலைந்தது. எனக்கு அத்தனை பசி.

திங்கட்கிழமை காலை எனக்கு ரயில். கிளம்புமுன் டீசல் மண்ணையெல்லாம் கொட்டிவிட்டுத் தொட்டிகளைக் கழுவ வேண்டியிருந்ததால் ஆறு மணிக்கே போய்விட்டேன். லாரி வந்து போயிருந்தது. வரிசையில் சிவப்பு, மஞ்சள், நீலம், அவற்றின் பின்னே பெண்கள். ஒன்பதாவதாக ஏழுமலை அண்ணன். பச்சைக் குடத்தை அதன் கழுத்தில், பெரிய மீனைச் செவுளில் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் கடல் இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முறை வந்ததும் நிரப்பினார். இடுப்பில் வைக்கவில்லை. ஒரே தூக்கில் தோளுக்கு ஏற்றினார், டீசல் கேன் மாதிரி. குடத்துக்கு மூடி கிடையாது. முதல் அடியிலேயே தண்ணீர் முதுகில் வழிந்தது.

"இன்னா மாமு, குளிச்சிகினே போறியா?" என்றது ஒரு குரல்.

"வா, ஒனக்கும் முதுவு தேச்சு வுடறேன்" என்றார் அவர், நிற்காமல். எண்பது அடி, பிறகு பதினேழு படி. கீழே நின்று எண்ணினேன். மேலே போனபோது குடத்தில் முக்கால்தான் இருந்தது. அது முருங்கைக்குப் போனது. தனம் அக்கா படிக்கட்டின் கீழ்ப்படியில் உட்கார்ந்து, முந்தின நாள் ஏழுமலை அண்ணன் திருவொற்றியூர் மார்க்கெட்டிலிருந்து வாங்கி வந்த கீரைக்கட்டை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"நாளைக்கும் வருவாராக்கா?" என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும்? இன்னிக்கி வந்துகீறாரு" என்றார். "என்ஜின் வந்துச்சின்னா விடியறதுக்கு முன்ன கடலுக்குப் போயிடுவாரு. அப்ப இன்னா பண்றது, சொல்லு?"

எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. ஒன்பது தொட்டியில் புது மண் போட்டு விதை தூவியாகிவிட்டது. அரைக்கீரை பறிக்க இருபத்தைந்து நாளாவது ஆகும். என்ஜின் அதற்கு முன்பே வந்துவிடும். கடலிலிருந்து வந்ததும் ஊற்றுவதாக அவர் சொல்லியிருக்கிறார், வெயில் ஏறிய பிறகு ஊற்றினால் செடி தாங்குமா என்று எனக்குக் கவலை. கயிறும் உருளையும் செய்யத் தெரிந்தவர் அந்தக் கொட்டகையிலேயே இருக்கிறார்; அவரிடம் நம்பர் வாங்கி வைத்திருக்கிறேன். படிவத்தில் இன்னும் ஒரு பக்கம் சேர்க்கப் போகிறேன்: தண்ணீர் எங்கே இருக்கிறது, செடி எங்கே இருக்கிறது, நடுவில் யார் நடக்கிறார்கள். மேலதிகாரி இன்னும் மூன்று வாரம் கொடுத்திருக்கிறார், முகத்தைச் சுளித்துக்கொண்டு.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் இந்த வெள்ளிக்கிழமை ஊருக்குப் போகிறேன். அப்பா மடை கட்டிவிட்டு, மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வாழைத்தோப்பிலிருந்து வெளியே வருவார். வாய்க்கால் கரையில் அம்மாவின் குடம் இருக்கும். இன்னொரு குடத்தோடு நானும் நிற்கப் போகிறேன், தோளில் ஏற்றுகிற முறையில்தான், பாதி வழிந்தாலும் பரவாயில்லை. அதுவரைக்கும் பிரச்சினையில்லை. அப்புறம் அம்மாவின் குடத்தைக் காட்டி அப்பாவிடம், "அந்த இன்னொண்ண நீங்க எடுத்துக்கோங்க" என்று சொல்ல வேண்டும்.

ஈரோடு பஸ்ஸில் டிக்கெட் எடுத்துவிட்டேன். இப்போதே பசிக்கிறது.